பேக்டெஸ்ட் மென்பொருளும் நம்பகமான சந்தைத் தரவும்: எதை முதலில் தேர்வு செய்வது?

காவிரிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். தேசியப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பங்குகளை வாங்கி, வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ வைத்திருந்து விற்பதற்கான விதிகளை எழுதி வைத்திருக்கிறேன். 52 வார உச்சத்தைக் கடந்து முடியும் பங்கை மறுநாள் காலையில் வாங்குவது, 100 நாள் சராசரிக்குக் கீழே முடிந்தால் அடுத்த நாள் விற்பது, ஒரே நேரத்தில் 20 பங்குகளுக்கு மேல் வைத்திருக்காமல் இருப்பது என்பதே அதன் சாரம். அத்துடன், நிஃப்டி வாராந்திர ஆப்ஷனில் (குறித்த விலையில் வாங்க அல்லது விற்க உரிமை தரும் ஒப்பந்தம்) காலையில் ஸ்ட்ராடில், அதாவது ஒரே விலைக்கான வாங்கும் உரிமையையும் விற்கும் உரிமையையும் சேர்த்து, விற்று அன்று மாலையே முடித்துக்கொள்ளும் முறை ஒன்றையும் சோதித்துப் பார்க்க விரும்புகிறேன்.

இவற்றைப் பேக்டெஸ்ட் செய்ய, அதாவது பழைய விலைகளில் விதிகளை ஓட்டிப் பார்க்க, ஆமிபுரோக்கர் என்ற மென்பொருளை வாங்குவதா, டிரேடிங்வியூ என்ற வரைபடத் தளத்தின் சந்தாவே போதுமா, அல்லது ஓரளவு தெரிந்த பைத்தான் நிரல்மொழியிலேயே எழுதிவிடுவதா என்று முடிவு செய்ய முடியவில்லை. தரவை எங்கிருந்து பெறுவது என்பதிலும் தெளிவில்லை. நிஃப்டி 500 குறியீட்டின் பங்குப் பட்டியலை எடுத்துக்கொண்டு, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தினசரி விலைகளில் 2007 முதல் ஓட்டிப் பார்த்தேன். 2008ஆம் ஆண்டின் சரிவைக்கூட எளிதாகக் கடந்துவிடும் அளவுக்கு முடிவுகள் சிறப்பாக வந்தன. அந்தச் சிறப்பே எனக்கு ஐயத்தைத் தருகிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

எண்கணக்கு:

உங்கள் ஐயம் முற்றிலும் நியாயமானது. மென்பொருளைப் பற்றிப் பிறகு பேசலாம். எந்த மென்பொருளை வாங்கினாலும் அதே தரவைக் கொடுத்தால் அதே பொய்யான முடிவைத்தான் அது இன்னும் அழகான வரைபடத்தில் காட்டும்.

நீங்கள் எடுத்தது இன்றைய நிஃப்டி 500 பட்டியல். அதில் இருப்பவை 2007 முதல் இன்றுவரை பிழைத்து வந்த நிறுவனங்களும், இடையில் வளர்ந்து உள்ளே வந்த நிறுவனங்களும்தான். வீழ்ந்தவை அதில் இல்லை. 500 பங்குகள் வரை போக வேண்டாம், நிஃப்டி 50ஐ மட்டும் பாருங்கள். சத்யம் கம்ப்யூட்டர்ஸ் 2009 ஜனவரி 7 அன்று கணக்கு மோசடி வெளியானபோது நிஃப்டியில் இருந்த பங்கு. ஒரே நாளில் முக்கால் பங்குக்கும் மேலான மதிப்பை இழந்து, அடுத்த சில நாள்களில் குறியீட்டிலிருந்து நீக்கப்பட்டது. யூனிடெக், சுஸ்லான், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ், ஜெய்பிரகாஷ் அசோசியேட்ஸ் ஆகியவையும் ஒரு காலத்தில் நிஃப்டி 50இல் இருந்தவையே. 2007ஆம் ஆண்டு 52 வார உச்சத்தை வாங்கும் எந்த முறையும் இவற்றில் பலவற்றை விரும்பி வாங்கியிருக்கும். உங்கள் சோதனை அவற்றைப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கடன் நிறுவனமான டிஎச்எஃப்எல் நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஜூனில் தீர்வுத் திட்டத்தின்படி அதன் பங்குதாரர்களுக்கு ஒரு பைசாகூடக் கிடைக்காமல் பங்கு சந்தையிலிருந்து நீக்கப்பட்டது. இன்று இலவசத் தளம் ஒன்றில் அதன் பெயரைத் தேடினால் பெரும்பாலும் தரவே வராது. தரவு வராத பங்கில் நட்டமும் வராது என்பதால் உங்கள் வரைபடம் மேல்நோக்கிப் போகிறது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, ஒவ்வொரு காலத்திலும் குறியீட்டில் எந்தெந்தப் பங்குகள் இருந்தன என்ற பழைய பட்டியலைத் திரட்டுவது. குறியீடு ஆண்டுக்கு இருமுறை மாற்றியமைக்கப்படும்போது வெளியிடப்படும் அறிவிப்புகளிலிருந்து இதைத் தொகுக்கலாம். ஆனால் நிஃப்டி 500க்கு அது பெரும் உழைப்பு. இரண்டாவது வழியைத்தான் நான் பரிந்துரைக்கிறேன். குறியீட்டை மறந்துவிட்டு, தேசியப் பங்குச் சந்தை ஒவ்வொரு நாளும் வெளியிடும் பாவ்காப்பிக் கோப்புகளைத் திரட்டுங்கள். அன்று வணிகமான எல்லாப் பங்குகளும் அதில் இருக்கும். பின்னாளில் அழிந்துபோகப் போகும் நிறுவனம் எது என்பது அந்தக் கோப்புக்குத் தெரியாது. ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும், அதற்கு முந்தைய ஆறு மாதச் சராசரி வணிக மதிப்பைக் கொண்டு முதல் 300 அல்லது 500 பங்குகளைத் தேர்ந்துகொண்டால், அந்தந்தக் காலத்தில் ஒரு வணிகர் உண்மையில் வாங்கியிருக்கக்கூடிய பங்குத் தொகுதி உங்களுக்குக் கிடைத்துவிடும்.

வைகை வடக்கு:

எண்கணக்கு ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் கேள்வி கேட்டவர் மென்பொருளையும் கேட்டிருக்கிறார், அதற்கும் நேரடியாகப் பதில் சொல்லிவிடுவோம்.

முதல் முறைக்கு டிரேடிங்வியூ பொருந்தாது. அதன் பைன் ஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்படும் உத்தி ஒரு நேரத்தில் ஒரு பங்கின் வரைபடத்தில்தான் ஓடும். 500 பங்குகளில் ஒரே நாளில் 30 பங்குகள் சமிக்ஞை தரும்போது கையில் இருக்கும் பணத்தை எதற்கு ஒதுக்குவது, ஏற்கெனவே 20 இருந்தால் எதை விடுவது என்ற கேள்வியே அங்கு எழாது. உங்கள் முறையின் உயிரே அந்த ஒதுக்கீட்டில் இருக்கிறது. ஒவ்வொரு பங்கையும் தனித்தனியாகச் சோதித்து அவற்றின் இலாபத்தைக் கூட்டுவது, வரம்பற்ற பணம் இருப்பவருக்கான கணக்கு.

ஆமிபுரோக்கர் இந்த வேலைக்காகவே அமைந்தது. ஒரே கணக்கில் பல பங்குகளை வைத்துச் சோதிக்கும், தினசரித் தரவில் மிக வேகமாக ஓடும், வாக்ஃபார்வர்டு சோதனையும் (ஒரு காலத்தில் தேர்ந்த விதியை அடுத்த காலத்தில் சோதிப்பது) மாண்டி கார்லோவும் (வணிகங்களைத் தற்செயலாகக் கலைத்துச் சோதிப்பது) உள்ளேயே இருக்கின்றன. பொசிஷன்ஸ்கோர் என்ற மாறியின் வழியாகச் சமிக்ஞைகளைத் தரவரிசைப்படுத்தலாம். விண்டோஸில் மட்டுமே இயங்கும் என்பதும், அதன் ஏஎஃப்எல் நிரல்மொழியைக் கற்க வேண்டும் என்பதும் குறைகள். அதன் எடிட்டரில் உள்ள சரிபார்ப்புக் கருவி, உங்கள் விதி எதிர்கால விலையை எட்டிப் பார்க்கிறதா என்பதைக் கண்டு சொல்லும். விலையின் முகடுகளையும் பள்ளங்களையும் கோட்டால் இணைக்கும் ஸிக்ஸாக் போன்ற வரைபடக் கருவிகளைப் பயன்படுத்துபவர்களுக்கு இது மிக முக்கியம், ஏனெனில் ஒரு முகடு முகடுதான் என்பது விலை இறங்கிய பிறகே அந்தக் கருவிக்குத் தெரியவரும். ஆனால் கோட்டை மட்டும் முகட்டிலிருந்தே வரைந்துவிடும்.

காவிரிக்கரை:

இருவருக்கும் நன்றி. பாவ்காப்பிக் கோப்புகளைத் திரட்டத் தொடங்கிவிட்டேன். ஆனால் அதில் இருப்பவை அந்தந்த நாளின் விலைகள்தானே? போனஸ் (இலவசமாகத் தரப்படும் கூடுதல் பங்கு), பங்குப் பிரிப்பு ஆகியவற்றை யார் சரிசெய்வது? சரிசெய்யாமல் ஓட்டினால், போனஸ் தந்த நாளில் விலை பாதியாகி, 100 நாள் சராசரிக்குக் கீழே போய், முறை விற்றுவிடுகிறது.

எண்கணக்கு:

நீங்கள்தான் சரிசெய்ய வேண்டும், அல்லது சரிசெய்து தருபவருக்குப் பணம் கொடுக்க வேண்டும். எந்த வழியானாலும் என்ன செய்யப்பட்டிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

போனஸும் பிரிப்பும் எளியவை. ரிலையன்ஸ் 2017இலும் 2024இலும் ஒன்றுக்கு ஒன்று போனஸ் தந்தது. முந்தைய விலைகளை இரண்டால் வகுத்து, பங்கு எண்ணிக்கையிலான வணிக அளவை இரண்டால் பெருக்கினால் போதும். சிக்கல் நிறுவனப் பிரிவினையில்தான் தொடங்குகிறது. 2023 ஜூலை 20 அன்று ஜியோ ஃபைனான்ஷியல் பிரிந்தபோது, முந்தைய நாள் 2,841.85 ரூபாயில் முடிந்திருந்த ரிலையன்ஸ் பங்குக்குச் சிறப்பு முன்திறப்பு அமர்வில் 2,580 ரூபாய் விலை கண்டறியப்பட்டது. இடையிலான 261.85 ரூபாய் ஜியோ ஃபைனான்ஷியலின் மதிப்பு. பங்குதாரருக்கு நட்டம் எதுவும் இல்லை. ஆனால் பழைய விலைகளை இந்த விகிதத்தில் குறைக்காத தரவில் அது 9 சதவீதத்துக்கும் மேலான ஒருநாள் வீழ்ச்சியாகத் தெரியும், பலருடைய ஸ்டாப்லாஸ் (நட்டத்தைக் கட்டுப்படுத்த வைக்கும் விற்பனை விலை) சோதனையில் அங்கே அடிபடும். ஒரு தரவு விற்பனையாளரை மதிப்பிட வேண்டுமானால் நான் முதலில் பார்ப்பது இந்த நாளைத்தான். அடுத்து 2025 ஜனவரி 6, ஐடிசியிலிருந்து ஹோட்டல் வணிகம் பிரிந்த நாள். இரண்டையும் ஒரே முறையில் கையாண்டிருக்கிறாரா என்று பாருங்கள். ஒன்றைச் சரிசெய்து மற்றதை விட்டுவிட்டவரிடம் எழுதப்பட்ட வழிமுறை ஏதும் இல்லை என்று பொருள்.

டிவிடெண்டையும் சேர்த்துச் சரிசெய்யும் தரவு உண்டு, சேர்க்காததும் உண்டு. யாஹூ ஃபைனான்ஸின் சரிசெய்யப்பட்ட முடிவு விலை டிவிடெண்டைச் சேர்த்தது. நீண்டகால வருமானத்தை அளவிட அது ஏற்றது. ஆனால் அன்று வரைபடத்தில் எவரும் கண்டிராத விலையில் 52 வார உச்சத்தைத் தேடுவது வேறு முறையைச் சோதிப்பதாகிவிடும்.

ஆகவே இரண்டு விலைகளையும் வைத்துக்கொள்ளுங்கள். சமிக்ஞைக்குச் சரிசெய்த விலை. விலை வரம்பு, பங்கு எண்ணிக்கை, கட்டணம் ஆகியவற்றுக்கு அன்றைய உண்மை விலை. "50 ரூபாய்க்குக் கீழே உள்ள பங்குகளை வாங்காதே" என்று ஒரு விதி வைத்து, அதைச் சரிசெய்த விலையில் ஓட்டினால், பின்னாளில் பலமுறை போனஸ் தந்து உயர்ந்த சிறந்த நிறுவனங்களையெல்லாம் பழைய ஆண்டுகளில் அது தள்ளிவிடும்.

பெயர் மாற்றத்தையும் மறக்க வேண்டாம். இன்றைய வேதாந்தா முன்பு சேசா ஸ்டெர்லைட், அதற்கு முன்பு சேசா கோவா. ஒவ்வொரு கட்டத்திலும் சந்தைச் சின்னம் மாறியது. சொமாட்டோ 2025இல் எடர்னல் ஆனது. ஐஎஸ்ஐஎன் என்ற பங்கு அடையாள எண்ணைக் கொண்டு இணைத்துவிடலாம் என்று நினைப்பீர்கள். முகமதிப்பு பிரிக்கப்படும்போது அந்த எண்ணும் மாறிவிடும். சின்னம், எண் ஆகிய இரண்டின் மாற்றங்களையும் கொண்ட ஓர் அட்டவணையை நீங்களே பராமரிக்காமல் இதைக் கடக்க முடியாது.

கடைசியாக, பிழை தேட ஒரு வழி சொல்கிறேன், இது நம் சந்தைக்கே உரிய வசதி. ஃபியூச்சர்ஸ் (எதிர்காலத் தேதிக்கான ஒப்பந்தம்) இல்லாத பங்குகளுக்கு அதிகபட்சம் 20 சதவீத விலை வரம்பு உண்டு. எனவே அத்தகைய பங்கின் முடிவு விலை முந்தைய நாளைவிட 20 சதவீதத்துக்கு மேல் மாறியிருந்தால், அதற்குப் பின்னால் நிறுவன நடவடிக்கை, புதிய பட்டியலிடல், இடைநிறுத்தத்துக்குப் பின் மீண்டும் வணிகம் தொடங்குதல் என ஏதேனும் ஒரு காரணம் இருந்தே தீர வேண்டும். அப்படிப்பட்ட நாள்களையெல்லாம் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுங்கள். காரணம் எழுத முடியாதவை பிழைகள்.

கடைசி விலை:

இங்கு இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பாவ்காப்பியில் முடிவு விலை என்று ஒன்றும், கடைசியாக வணிகமான விலை என்று ஒன்றும் தனித்தனியாக இருக்கும். நாம் சோதிக்கும் பழைய கோப்புகளில் முடிவு விலை என்பது பிற்பகல் 3 மணி முதல் 3:30 வரையிலான வணிகங்களின், வணிக அளவால் எடையிட்ட சராசரி. அது ஒரு கணக்கீடு. அந்த விலையில் உங்களுக்கு வாங்கவோ விற்கவோ கிடைக்கும் என்று உறுதியில்லை. 3:29 மணிக்கு முடிவெடுத்து அன்றைய முடிவு விலையில் வாங்கியதாகச் சோதிக்கும் முறைகள், கடைசி அரை மணியில் வேகமாக ஏறிய பங்குகளில் எல்லாம் உண்மையைவிட மலிவாக வாங்கியதாகக் காட்டும். உச்சத்தைக் கடக்கும் பங்குகளை வாங்குபவர்களுக்கு இந்தப் பிழை எப்போதும் ஒரே பக்கமாகச் சாயும். காவிரிக்கரை அவர்கள் மறுநாள் காலையில் வாங்குவதால் தப்பித்தார்.

ஆனால் மறுநாள் திறப்பு விலையிலும் ஒரு வரலாறு இருக்கிறது. 2010 அக்டோபரில் முன்திறப்பு அமர்வு வந்த பிறகுதான் திறப்பு விலை ஏலத்தின் வழியாகக் கண்டறியப்படுகிறது. அதற்கு முன் முதல் வணிகம் எதுவோ அதுவே திறப்பு. சந்தை நேரமும் 2010க்கு முன் காலை 9:55க்குத் தொடங்கியது, இப்போது 9:15. திறப்பை நம்பும் முறையை அதற்கு முந்தைய ஆண்டுகளில் சோதித்து வரும் முடிவை, இன்றைய சந்தைக்கான சான்றாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

தென்பொதிகை:

ஸ்ட்ராடில் பற்றி நான் எழுதுகிறேன். முதல் முறையைவிட இதற்குத் தரவு கிடைப்பது கடினம். நான்கு ஐந்து மடங்கு கவனம் தேவை.

நிஃப்டி வாராந்திர ஆப்ஷன் 2019 பிப்ரவரியில்தான் தொடங்கியது. எனவே "15 ஆண்டு வாராந்திர ஆப்ஷன் தரவு" என்று யாராவது விற்றால், முந்தைய ஆண்டுகளுக்கு மாதாந்திரத் தொடரையோ செயற்கையாகக் கணக்கிட்ட விலையையோ இட்டு நிரப்பியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். தரகு நிறுவனங்கள் பலவற்றின் ஏபிஐயில் (நிரல் வழியே தரவு பெறும் இணைப்பு) முடிந்துபோன ஆப்ஷன் தொடர்களின் நிமிடத் தரவு கிடைப்பதில்லை. நடப்புத் தொடரைத்தான் எடுக்க முடியும். ஆகவே பழைய நிமிடத் தரவை விலைக்கு வாங்க வேண்டியிருக்கும். சந்தையின் துணை நிறுவனமான என்எஸ்இ டேட்டா அண்ட் அனலிட்டிக்ஸ் பழைய தரவை விற்கிறது. குளோபல் டேட்டாஃபீட்ஸ், ட்ரூடேட்டா போன்றவை அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர்கள். யாரிடம் வாங்கினாலும் முதலில் மாதிரியாகச் சில நாள்களை மட்டும் கேளுங்கள். எந்த நாள்கள் என்பதை நீங்கள் சொல்லுங்கள், அவர்கள் தேர்ந்தெடுக்க விடாதீர்கள்.

நான் கேட்கும் நாள்கள் இவை. 2021 பிப்ரவரி 24 அன்று தொழில்நுட்பக் கோளாறால் தேசியப் பங்குச் சந்தையில் முற்பகல் 11:40க்கு வணிகம் நின்றது. மாலை 3:45க்குத் தொடங்கி 5 மணி வரை நடந்தது. நல்ல தரவில் இடைவெளி இடைவெளியாகவே இருக்கும். மோசமான தரவில் நின்றுபோன விலை நிமிடந்தோறும் நகலெடுக்கப்பட்டு, 3:30க்குப் பிறகான வணிகம் வெட்டப்பட்டிருக்கும். அடுத்தது 2020 மார்ச் 23, நிஃப்டி 10 சதவீதம் வீழ்ந்து சந்தை முழுவதும் 45 நிமிடம் நிறுத்தப்பட்ட நாள். பிறகு 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாள். அத்துடன் 2024 மார்ச் 2 போன்ற சனிக்கிழமைச் சிறப்பு அமர்வு ஒன்று, தீபாவளி முகூர்த்த வணிகம் ஒன்று. இந்தக் குறுகிய அமர்வுகளை முழு நாளாக எடுத்துக்கொள்ளும் நிரல், முகூர்த்த நாளில் காலை 9:20க்கு விற்க விலை தேடி, கிடைக்காமல் முந்தைய நாள் விலையை எடுத்துக்கொள்ளும்.

விதிகள் மாறிய வரலாற்றையும் தரவாகவே சேமியுங்கள். நிஃப்டி லாட் அளவு (ஓர் ஒப்பந்தத்தில் அடங்கும் எண்ணிக்கை) 2021இல் 75இலிருந்து 50 ஆனது, 2024 ஏப்ரலில் 25 ஆனது, அதே ஆண்டு நவம்பரில் புதிய தொடர்களுக்கு மீண்டும் 75 ஆனது. எக்ஸ்பைரி நாள், அதாவது ஒப்பந்தம் முடியும் நாள், வியாழனாக இருந்தது, 2025 செப்டம்பர் முதல் செவ்வாய். "ஒவ்வொரு வியாழனும்" என்று நிரலில் எழுதியவர்களின் சோதனை அந்த நாளிலிருந்து வேறொரு முறையைச் சோதித்துக்கொண்டிருக்கும். முடிவு நாளை ஒப்பந்தத்திலிருந்தே எடுக்க வேண்டும். ஆப்ஷன் விற்பனையில் எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி) 2023 ஏப்ரலில் பிரீமியத்தின், அதாவது ஆப்ஷன் விலையின், 0.05 சதவீதத்திலிருந்து 0.0625 ஆனது, 2024 அக்டோபர் 1 அன்று 0.1 சதவீதமாக உயர்ந்தது. எக்ஸ்பைரி நாளில் விற்ற ஆப்ஷனுக்கு 2024 நவம்பர் முதல் 2 சதவீதம் கூடுதல் மார்ஜினும் (பிணைத்தொகை) வேண்டும். இலாபத்தைப் பழைய மார்ஜின் தொகையால் வகுத்துச் சதவீதம் காட்டுவது சரியாகாது.

மென்பொருள் என்று பார்த்தால், ஸ்டாக்மாக், அல்கோடெஸ்ட் போன்ற இணையச் சேவைகள் முதல் பார்வைக்குப் போதும். ஒரு யோசனை அரை மணி நேரத்தில் தேறுமா தேறாதா என்று தெரிந்துவிடும். ஆனால் அடியில் இருக்கும் தரவை நீங்கள் திறந்து பார்க்க முடியாது. பணம் போடும் முன் சொந்த பைத்தான் நிரலில், சொந்தத் தரவில் ஒருமுறை திரும்பவும் அதே முடிவு வருகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2024 செப்டம்பர் ஆய்வு, 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷனில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டமடைந்ததாகவும், மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியதாகவும் கூறியது. நம் ஊர்களில் இருந்து எத்தனை குடும்பங்களின் சேமிப்பு அந்தத் தொகையில் இருக்கும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

வைகை வடக்கு:

தென்பொதிகை அவர்கள் சொன்ன அளவு துல்லியம் காவிரிக்கரையின் முதல் முறைக்குத் தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் வைத்திருப்பவருக்கு நிமிடத் தரவும் டிக் தரவும் (ஒவ்வொரு வணிகத்தையும் தனித்தனியே பதிந்தது) வீண் செலவு. தினசரித் தரவு, அழிந்த பங்குகளும் சேர்ந்ததாக, சரியாகச் சரிசெய்யப்பட்டதாக இருந்தால் போதும். டெலிவரிக்கு, அதாவது பங்கைக் கணக்கில் பெற்று வைத்திருக்க, வாங்கும்போதும் விற்கும்போதும் தலா 0.1 சதவீத எஸ்டிடி, முத்திரை வரி, ஸ்லிப்பேஜ் (எதிர்பார்த்த விலைக்கும் கிடைத்த விலைக்குமான வேறுபாடு) ஆகியவற்றைத் தாராளமாகக் கழித்துவிட்டால் கணக்கு உண்மைக்கு அருகில் வந்துவிடும்.

தாமிரபரணி:

பைத்தான் பக்கத்திலிருந்து சில சொற்கள். நூலகத்தை, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பை, தேர்ந்தெடுக்கும்போது அதைப் பராமரிப்பவர்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். ஜிப்லைன் நூலகத்தை உருவாக்கிய குவான்டோபியன் நிறுவனம் 2020இல் மூடப்பட்டது. இன்று பயன்பாட்டில் இருப்பது பிறர் தொடர்ந்து பராமரிக்கும் கிளை. பேக்டிரேடரில் கற்பதற்கு நல்ல விளக்கங்கள் உண்டு, ஆனால் அதன் வளர்ச்சி நின்று பல காலம் ஆகிறது. வெக்டார்பிடி ஆயிரக்கணக்கான அளவுரு மாற்றங்களை நொடிகளில் ஓட்டும். அந்த வேகத்திலேயே ஆபத்தும் இருக்கிறது, ஆயிரம் மாற்றங்களில் சிறந்த ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் அதிர்ஷ்டத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்.

காவிரிக்கரை அவர்களின் முதல் முறைக்கு நூலகமே வேண்டியதில்லை என்பது என் கருத்து. நாளுக்கு ஒருமுறை முடிவெடுக்கும் முறையை, தேதிவாரியாக ஓடும் ஒரு சுழற்சியாக 200 வரிகளில் எழுதிவிடலாம். பணம், பங்குகள், கட்டணம் எல்லாம் உங்கள் கண்முன் இருக்கும்.

இலவசத் தரவைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு டிவிடெண்டுக்குப் பிறகும் சரிசெய்யப்பட்ட பழைய விலைகள் எல்லாம் மாறும். ஜனவரியில் ஓட்டிய சோதனையை ஜூனில் ஓட்டினால் வேறு முடிவு வரும், நிரலில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. எனவே பதிவிறக்கிய மூலக் கோப்பை மாற்றாமல் தேதியிட்டு வைத்துவிடுங்கள். சரிசெய்தலை எப்போதும் அந்த மூலத்திலிருந்து தனி நிரலாக ஓட்டுங்கள். எந்தக் கோப்பில், நிரலின் எந்தப் பதிப்பில் இந்த முடிவு வந்தது என்று சொல்ல முடியாத சோதனையை நான் சோதனையாகக் கொள்வதில்லை. பாவ்காப்பியின் வடிவமே 2024 ஜூலையில் மாறியது. பழைய நெடுவரிசைப் பெயர்களை நம்பி எழுதிய நிரல்கள் அங்கே நின்றுவிடும். அது நல்லது. நிற்காமல் தவறான நெடுவரிசையை எடுத்துக்கொண்டு ஓடுவதுதான் கெடுதல்.

எண்கணக்கு:

சகோதரி தாமிரபரணி சொன்ன 200 வரி யோசனையை ஆதரிக்கிறேன். ஆனால் ஆமிபுரோக்கரோ சொந்த நிரலோ, எதுவானாலும் நம்புவதற்கு முன் அதைத் தேர்வுக்கு உட்படுத்த வேண்டும். இரண்டு மூன்று பங்குகளுக்குப் பத்து நாள் விலைகளை நீங்களே கற்பனையாக எழுதுங்கள். விடையைத் தாளில் கணக்கிட்டு வைத்துக்கொண்டு, பிறகு மென்பொருளை ஓட்டுங்கள்.

அதில் சில சூழல்களைத் திட்டமிட்டு வையுங்கள். ஸ்டாப்லாஸ் 95இல் இருக்க, மறுநாள் 88இல் திறக்கிறது: மென்பொருள் 88இல் விற்றதாகக் காட்ட வேண்டும். ஒரே நாளில் ஸ்டாப்லாஸும் இலக்கும் தொடப்படுகின்றன: எது முதலில் நடந்தது என்று அது எப்படி முடிவெடுக்கிறது? டிரேடிங்வியூவில் இதற்கு எழுதப்பட்ட விதி உண்டு. திறப்பு விலை உச்சத்துக்கு அருகில் இருந்தால் உச்சம் முதலில் என்றும், தாழ்வுக்கு அருகில் இருந்தால் தாழ்வு முதலில் என்றும் அது எடுத்துக்கொள்ளும். இது ஊகம்தான், ஆனால் தெரிந்த ஊகம். தினசரித் தரவில் நான் எப்போதும் நட்டமே முதலில் என்று வைப்பேன். ஒரே நாளில் மூன்று சமிக்ஞைகள், பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது: எதை வாங்குகிறது, ஏன்? தரவரிசை தராவிட்டால் பல நிரல்களில் இது அகரவரிசையைப் பொறுத்ததாகிவிடும்.

நம் சந்தைக்கு மிக முக்கியமான சூழல் ஒன்று இருக்கிறது. திறப்பு, உச்சம், தாழ்வு, முடிவு நான்கும் ஒரே விலையாக, மேல் வரம்பில் பூட்டப்பட்ட நாள். விற்பவர் இல்லை, நீங்கள் வாங்கியிருக்கவே முடியாது. ஆனால் மென்பொருள் பெரும்பாலும் தானாக மறுக்காது, திறப்பு விலையில் வாங்கிவிடும். 52 வார உச்சத்தைத் தேடும் முறையில் சிறு பங்குகளின் பெரிய இலாபங்களில் கணிசமானவை இப்படிப்பட்ட நாள்களில் வாங்கியவையாக இருப்பதைக் காண்பீர்கள். அவற்றை நீக்கும் விதியை நீங்கள்தான் எழுத வேண்டும். கீழ் வரம்பில் பூட்டப்பட்ட நாளில் விற்கவும் முடியாது. அதையும் அப்படியே எழுதுங்கள்.

எந்தத் தரவிலும் பதிவாகாத நிகழ்வுகளும் உண்டு. 2020 மார்ச்சில் யெஸ் வங்கியின் மறுசீரமைப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, 100 அல்லது அதற்கு மேற்பட்ட பங்குகள் வைத்திருந்தவர்களின் பங்குகளில் 75 சதவீதம் மூன்று ஆண்டுகளுக்கு விற்க முடியாதபடி முடக்கப்பட்டது. அதன் பிறகு விலை வேகமாக ஏறியது. சோதனையில் உங்கள் நிரல் அந்த ஏற்றத்தில் மகிழ்ச்சியாக விற்றிருக்கும். கமாடிட்டியில் இருப்பவர்கள் 2020 ஏப்ரல் 20ஐ நினைத்துக்கொள்ளலாம். எம்சிஎக்ஸ் கமாடிட்டி சந்தையில் கச்சா எண்ணெய்த் தொடர் ஒரு பீப்பாய்க்கு மைனஸ் 2,884 ரூபாயில் தீர்க்கப்பட்டது. விலை சுழியத்துக்குக் கீழே போகாது என்று எழுதப்பட்ட நிரல்களில் அந்த நட்டம் வரவே வராது.

காவிரிக்கரை:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி. ஸ்ட்ராடிலை இப்போதைக்கு ஒதுக்கிவைத்து, முதல் முறையைப் பாவ்காப்பித் தரவில் பைத்தானில் எழுதுகிறேன். ஆமிபுரோக்கரின் சோதனைப் பதிப்பில் அதே விதியை ஓட்டி, இரண்டின் வணிகப் பட்டியலையும் வரிக்கு வரி ஒப்பிடுவேன். ஒரு கடைசி ஐயம். பாவ்காப்பியில் தொடர் என்ற நெடுவரிசையில் ஈக்யூ என்று இருப்பவற்றை மட்டும் எடுத்தால் போதுமா? அந்தக் கோப்பில் கடன் பத்திரங்களும் வேறு பலவும் கலந்திருக்கின்றன.

எண்கணக்கு:

போதாது. நல்ல வேளையாகக் கேட்டீர்கள். கண்காணிப்புக்கு உட்படுத்தப்படும் பங்குகள் ஈக்யூ தொடரிலிருந்து பிஇ தொடருக்கு மாற்றப்படும். அங்கு டெலிவரி மட்டுமே உண்டு, அன்றே வாங்கி விற்க முடியாது. பட்டியலிடல் விதிகளைப் பின்பற்றாத நிறுவனங்கள் பிஇசட் தொடருக்குப் போகும். ஈக்யூவை மட்டும் வடிகட்டினால், ஒரு பங்கு நெருக்கடிக்குள் நுழையும் நாளிலேயே உங்கள் தரவில் அதன் விலை நின்றுவிடும். உங்கள் நிரல் அதைக் கடைசி நல்ல விலையில் விற்றதாகவோ, மாதக்கணக்கில் மாறாத விலையில் வைத்திருப்பதாகவோ காட்டும். முதலில் பேசிய அழிந்த பங்குச் சிக்கல் இந்தப் பின்வாசல் வழியாக மீண்டும் உள்ளே வந்துவிடும்.

எனவே வாங்குவதற்கு ஈக்யூ தொடர் மட்டும், ஏற்கெனவே வைத்திருக்கும் பங்கின் விலையைத் தொடர்வதற்கு மூன்று தொடர்களும் என்று விதியைப் பிரித்து எழுதுங்கள். பங்கு எந்தத் தொடரிலும் வராமல் போனால், தானாக விற்றுவிடாமல், 30 வணிக நாள்களுக்குப் பிறகு மதிப்பைச் சுழியம் ஆக்கி, அந்தப் பெயர்களைத் தனிக் கோப்பில் எழுதச் செய்யுங்கள். இணைப்பினால் மறைந்தவற்றுக்குப் பரிமாற்ற விகிதத்தைக் கையால் சேர்க்க வேண்டும். சத்யம் 2013இல் டெக் மகிந்திராவுடன் இணைந்தது போன்றவை அந்தக் கோப்பில் வரும். பட்டியல் தயாரானதும் இங்கே இடுங்கள். எந்தப் பெயர் இணைப்பில் போனது, எந்தப் பெயர் திவாலில் போனது என்று பிரிப்பதில் நாங்களும் உதவுகிறோம்.